சன்ஷேடுக்கு அடியில் கட்டிய கூடு

அதைக் குளவி என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நான் குளவியைப் பார்த்ததே இல்லையா? சிங்காநல்லூரில் மில் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். சுவிட்சுப் பெட்டிக்குள்ளும் கதவிடுக்கிலும் மண்ணை உருட்டிக் கொண்டுவந்து கூடு கட்டுமே, இடுப்பு நூலாக ஒடுங்கினது, அதுதான் குளவி. இது என் சுண்டுவிரலில் பாதி நீளம் இருந்தது. கருப்பு உடம்பு, செம்பழுப்புத் தலை, வயிற்றைச் சுற்றி மஞ்சளாக ஒரு பட்டை. கொய்யா மரத்தடியில் அழுகின பழத்தின் மேல் உட்கார்ந்திருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். விரட்டியும் பறக்கவில்லை, என் பக்கம் திரும்பியது. கொஞ்ச நாளில் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்கு அடியில், அதே பூச்சிகள் கூடு கட்ட ஆரம்பித்தன.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு நூல் பிசகினாலும் வேலையைத் திருப்பிப் போடுகிற மனுஷர். அவர் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துவிட்டு, "குளவி கட்டுது அம்மணி" என்றார். ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத மலை இல்லை. விசேஷ வீட்டுக்குப் போனால் "ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்கிற வாய்களுக்குப் பயந்து, போவதையே விட்டுவிட்டோம்.

மாமியார் மாராத்தாளுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். மகன் சொன்னதைக் கேட்டதும் அந்த ஜன்னல் பக்கம் விளக்குமாறு கூடப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. வேறு யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

கூடு பானை அளவுக்கு ஊதியது. மண்ணே இல்லை. நனைந்து காய்ந்த அட்டைப் பெட்டி மாதிரி வரிவரியாக இருந்தது. போனில் படம் எடுத்துத் தேடினேன். இதே பட்டையோடு இதே பூச்சி வந்தது. கதண்டு. கூட்டமாகக் கொட்டினால் ஆளையே கொல்லும் என்று போட்டிருந்தது. பொழுதோடு அவர் பட்டறையிலிருந்து வந்ததும் காட்டினேன்.

"ஏனுங் மாமா, இதப் பாருங்க. இது குளவியே இல்லீங். கதண்டாமா. ஃபயர் சர்வீசுக்குச் சொன்னா வந்து எடுத்துப்போடுவாங்களாமா."

போனை வாங்கிப் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்த முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

"போன்ல ஆயிரம் போடுவான். நம்ம வூட்டத் தேடி வந்திருக்குது. இருந்துட்டுப் போகட்டும் கண்ணு."

"கொட்டிப்போட்டா என்னங் பண்றது?"

"நாம ஒண்ணும் செய்யாம அது ஏன் கொட்டுது? இந்த ஒரு தடவ பாப்போம் அம்மணி."

ஒன்பது வருஷமாக எதற்கும் கெஞ்சாத மனுஷர் கெஞ்சினால் நான் என்ன செய்வேன்? ஜன்னலைச் சாத்தித் துணியை அடைத்தேன்.

ஆடிக் காற்றில் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு மட்டை பிய்ந்து சன்ஷேடின் மேல் விழுந்தது. நுனி தொங்கிக் கூட்டை இடித்துக்கொண்டு ஆடியது. விட்டால் கூடு உடைந்துவிடும் என்று அவர் ஏணியைச் சாத்தி ஏறினார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள் மட்டையைப் பிடித்துவிட்டார். பச்சைப் பிள்ளையைத் தொடுகிற மாதிரிதான் தூக்கினார். அவ்வளவுதான், மொத்தமும் அவர் மேல் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன பூச்சி கொட்டுச்சுங்க?" என்று கேட்டார். முகம் உருத்தெரியாமல் வீங்கிக் கிடந்தவர், உதட்டைப் பிரிக்க முடியாமல் பிரித்து, "குளவிங் சார்" என்றார்.

உயிர் போகிற நேரத்திலும் குளவியாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "கதண்டுங் சார்" என்று போனிலிருந்த படத்தை நீட்டினேன். டாக்டர் உடனே கிட்னியைப் பார்க்க வேண்டும் என்று நர்சைக் கூப்பிட்டார். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசிக்கெல்லாம் அழாதவர் அப்போது அழுதார்.

மறுநாள் மூத்திரம் நின்றுவிட்டது. மிஷினில் போட்டார்கள். நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் உள்ளே போனபோது இவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நமக்குப் புள்ள இல்லதான, அம்மணி?"

குனிந்து காதோரம் சொன்னேன். "தள்ளிப் போயிருக்குதுங் மாமா. உறுதியானதுக்கப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அந்த வீங்கின முகத்தோடு சிரித்தார். இப்படிச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் பார்க்க வந்த தன் அம்மாவிடமும் அவர் அதைச் சொல்லிவிட்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்து கூட்டைக் கொளுத்தினார்கள். மாமியார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண்ணெல்லாம் என் வயிற்றின் மேலேயே இருந்தது. தாலி கழட்ட வந்த பெண்களைக் கதவோடு தடுத்தார். "புள்ளத்தாச்சி கழுத்துல யாரும் கை வெக்கப்படாது. பெத்துப் பொழச்சதுக்கப்புறம் பாத்துக்கலாம். எம்பையந்தான் வந்து பொறக்கப்போறான்" என்றார். வாழ வேண்டும் என்பதற்காகவே ரெண்டு வாய் சோறு தின்றார். எனக்கு நாலு வாய் ஊட்டினார். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் எனக்குத் தீட்டு வந்துவிட்டது. குளித்துவிட்டு வெளியே வந்தேன். மாமியார் பால் டம்ளரோடு நின்றிருந்தார்.

"அத்தை, எனக்குத் தூரமாயிருச்சுங்."

"மொத மாசத்துல கொஞ்சம் படும் கண்ணு. போயிப் படு, காலத் தூக்கி வெச்சுக்க."

"இல்லீங் அத்தை. மொதல்ல இருந்தே ஒண்ணுமில்லீங். அவரு அழுதாரு, நாந்தான் சும்மா சொல்லிப்போட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். என்னை ஏசுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங் அத்தை. சிரிச்சுட்டேதான் போனாரு."

தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, என் கழுத்தைப் பார்த்தார்.

"அப்ப தாலியக் கழட்டோணுமே, கண்ணு."

சொன்னாரே தவிர, எழுந்து போய் யாரையும் கூப்பிடவில்லை. பொழுது உச்சிக்கு வரும்வரை ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.