வழியில் நிற்காத டயர்

லாகுவாத் நகரக் கடைவீதியில் ஜெல்லூலின் டயர் கடை வாசலில் நின்று லக்தர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டான். அவன் மனைவி ஹூரியா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். காரை எரிவாயுவுக்கு மாற்றியபோது ஸ்டெப்னி இருந்த குழியில் சிலிண்டரை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வண்டிக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது.

“காத்து போனாலும் ஓடுமே, அந்த ரன்-ஃப்ளாட் டயர் வந்துச்சா?”

“வரல. உன் வண்டி சைஸுக்கு எப்ப வரும்னு எனக்கே தெரியாது,” என்றார் ஜெல்லூல். “வந்தாலும் யோசிச்சு வாங்கு. காத்தில்லாம எண்பது கிலோமீட்டர் மெதுவாப் போகலாம், வாஸ்தவம்தான். ஆனா பக்கவாட்டு ரப்பர் கல்லு மாதிரி இருக்கும், மலை ரோட்டுல இடுப்பு ஒடிஞ்சிரும். காத்து இறங்கினா எச்சரிக்கிற விளக்கும் உன் வண்டியில இல்ல. தெரியாம ஓட்டினா அதுவும் கிழிஞ்சுதான் நிக்கும். பேசாம ஒரு சாதாச் சக்கரத்தை டிக்கியில போடு. இல்லேன்னா பஞ்சர் திரியும் பம்பும் வச்சுக்க.”

“அதுக்கெல்லாம் அவ ரோட்டுல இறங்கணுமே.”

“இறங்கினா என்னப்பா, காலு தேஞ்சிருமா?”

லக்தர் வந்து வண்டியைக் கிளப்பினான்.

ஹூரியா மலைமேல் இருக்கும் அஃப்லூ ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவள். பல வருஷமாகத் தானே ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். போன குளிர்காலத்தில் ஒருநாள் வழியில் டயர் பஞ்சராகி, சாலைப் பணியாளர்கள் உதவி செய்து வீடு வந்து சேர்ந்தாள். அதை யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் காபிக் கடையில் ஒருவன், “என்ன லக்தர், உன் வீட்டம்மா இப்பல்லாம் ரோட்டோரத்துலதான் நிக்கிறாங்களாமே?” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

லக்தர் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. கைநீட்டவும் இல்லை. “அந்த டயர் வர்ற வரைக்கும் வண்டி வேண்டாம்” என்று சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான். டயர் வரவில்லை. சம்பளமில்லாத விடுப்பும் தீர்ந்தது. வேலையை விடுவதாகத் தலைமை மருத்துவரிடம் சொல்லிவிட்டு வரத்தான் இப்போது இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

“எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வீட்டுல ராணி மாதிரி இரு,” என்றான்.

“எந்த ராணிக்குங்க வெளிய போகத் தடை?”

பாதி வழி தாண்டியதும் பின்சக்கரம் தரையோடு தரையாகிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. புழுதிக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

“நீ இறங்காத. கண்ணாடிய ஏத்திக்க,” என்று சொல்லிவிட்டு லக்தர் சாலையோரம் போய்க் கைகாட்டினான். ஒரு கார் வேகம் குறைத்து, அவனைப் பார்த்ததும் சீறிக்கொண்டு போனது. அடுத்ததும் அப்படியே. லாரிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காருக்குள் வெயில் ஏறியது. ஹூரியாவின் முக்காடு வியர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. இந்த மூச்சுமுட்டல் அவளுக்குப் புதிதல்ல. இத்தனை மாதமும் வீட்டுக்குள் இதே காற்றைத்தான் அவள் சுவாசித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

“உள்ள ஏறு.”

“மாட்டேன்.”

“போறவன் வர்றவன் பாப்பான், ஹூரியா.”

“பாக்கட்டும். பாத்தாத்தானே நிப்பாங்க.”

அவள் கையை உயர்த்தினாள். ஆடுகள் ஏற்றி வந்த ஒரு சிறு லாரி ஓரங்கட்டி நின்றது. ஓட்டியவர் இறங்கி வந்து, “என்னாச்சு தங்கச்சி?” என்றார். பிறகு லக்தரிடம், “தப்பா நெனக்காத தம்பி. ஆம்பள தனியாக் கைகாட்டினா நாங்க நிக்கறதில்ல. அப்படி நின்ன ஒருத்தனத்தான் அடிச்சுப் போட்டு வண்டியப் பறிச்சுட்டாங்க. தங்கச்சியப் பாத்ததும்தான் குடும்பம்னு தெரிஞ்சுது,” என்றார். தம் லாரியிலிருந்து பஞ்சர் திரியையும் பம்பையும் எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தினார். லக்தரும் குந்தினான்.

லாரியிலிருந்து அவர் மனைவி தண்ணீரும் ரொட்டியும் கொண்டு வந்தாள். “என்ன வேல பாக்கறம்மா?”

“பிரசவம் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“இருந்தியா? விட்டுட்டியா?” அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. “என் தங்கச்சிக்கு வலி வந்தப்ப அஃப்லூல பாக்க ஆளில்லன்னுட்டாங்க. லாகுவாத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள புள்ள போயிருச்சு. போன மாசந்தான்.”

ஹூரியாவின் கையில் ரொட்டி அப்படியே இருந்தது. போன மாதம் அவள் வீட்டில்தான் இருந்தாள். சக்கரத்தருகே லக்தர் தலை நிமிரவில்லை.

சக்கரம் சரியானதும் இருவரும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வண்டி நின்றதும் ஹூரியா கதவில் கை வைத்தாள். “போயி நீங்க சொன்னதச் சொல்லிட்டு வர்றேன்.”

“வேண்டாம். வேலைக்கு வர்றேன்னு சொல்லு.” அவன் சாவியை உருவி அவள் மடியில் வைத்தான். “ரோட்டுல யாரும் உனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. பண்ணினது நான்தான். நாலு பேரு பேச்சுக்குப் பயந்து உன்ன அடைச்சு வச்சுட்டு, அதுக்குப் பாதுகாப்புன்னு பேரு வச்சேன்.”

ஹூரியா சாவியை எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நீங்க பயந்தது உங்க மானத்துக்கு,” என்றாள். “வெல குடுத்தது எவ பெத்த புள்ளயோ. பொம்பளைய வீட்டுல பூட்டினா அவ ஒருத்தி மட்டும் மாட்டிக்கறதில்ல. அவள நம்பி இருக்கற அத்தன பேரும் மாட்டிக்கறாங்க.”

சொல்லிவிட்டு, அவனுக்காகக் காத்திராமல் உள்ளே போனாள்.