நாகலட்சுமி மேசையில் வைத்தது

வங்காளத்துப் பவானிபூரில் இருந்த அந்தச் சின்னத் தமிழ் மன்றத்தில் பொங்கல் விழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு வாசகர் மேடையேறி, அந்த வருஷம் தனக்குப் பிடித்த புத்தகங்களைப் பற்றிப் பேசலாம். பேசுவதற்கு முன்னால் அந்தப் புத்தகங்களை வெள்ளைத்துணி விரித்த மேசையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட வேண்டும். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அந்த முறை நாகலட்சுமிக்கு வந்தது. துறைமுகத்தில் கிரேன் பிரிவு மேஸ்திரியாக இருந்த மாரியப்பனின் மனைவி அவள். தூத்துக்குடியிலிருந்து வந்து மன்றத்துப் புத்தக பீரோக்களை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தவள். அவளுக்கு முறை வர இத்தனை காலம் ஆனதே அநியாயம்தான்.

ஆனால் செயலாளர் திருவேங்கடம் இருக்கிறாரே, சும்மா விடுவாரா? அக்கவுண்ட்ஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். பீரோச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டிருப்பார், ஏதோ தாத்தா விட்டுப்போன சொத்து மாதிரி. கமிட்டி கூடியபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"இந்த வருஷம் நீங்க ஒரு புஸ்தகம்கூட எடுக்கலையேம்மா. எதைப் பத்திப் பேசப் போறேள்?"

"கம்ப்யூட்டர்ல படிச்சதப் பத்தி. அச்சுல இல்லாத பழைய புத்தகத்தையெல்லாம் யார் யாரோ உக்காந்து டைப் அடிச்சு இன்டர்நெட்ல போட்டிருக்காவ. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

திருவேங்கடம் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஓசியில வரதெல்லாம் புஸ்தகமா? அதுக்கு அட்டை உண்டா? மேசையில வைக்க முடியுமா? வெச்சாத்தான் பேச்சு. இல்லேன்னா பாங்க் ஸ்ரீநாத்தைப் பேசச் சொல்லிடறேன்."

"வைக்கேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நாகலட்சுமி எழுந்து வந்துவிட்டாள்.

அவள் ஏன் புத்தகம் எடுக்கவில்லை என்பது மாரியப்பனுக்கு மட்டும்தான் தெரியும். சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுவிட்டது. அச்செழுத்தெல்லாம் எறும்புக் கூட்டமாக ஓடியது. இனி இவ்வளவுதான் என்று அலிப்பூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். சீரியல் பார்க்கப் போய்விட்டாள் என்று மன்றத்தில் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். பரிதாபப்பட்டு நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதைவிட அது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வீட்டில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

மகன் சதீஷ் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போனான். ஒரு நாள் போனில், "அம்மா, அதுல எழுத்தை எவ்வளவு பெருசு வேணும்னாலும் ஆக்கலாம்" என்றான். அவள் ஆக்கிப் பார்த்தாள். 'அ' என்று ஓர் எழுத்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நின்றது. அன்றைக்கு நாகலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வருஷம் முழுக்கப் படித்தாள். சமைக்க மறந்து படித்தாள். அதைப் போய் புத்தகமா என்று கேட்டால் வயிறு எரியாதா?

விழா அன்று மாரியப்பன் டாக்ஸி பிடித்துவந்தார். கம்ப்யூட்டர் பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டார், மானிட்டரை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வேறு கம்ப்யூட்டரில் போட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்து மானத்தை வாங்கும், அதனால் வீட்டு மெஷினே வந்தாக வேண்டும். "மாஷிமா, டிவி ரிப்பேரா?" என்று டாக்ஸிக்காரர் சித்தி முறை வைத்துப் பெங்காலியில் கேட்டார். "இல்லப்பா, லைப்ரரி" என்றாள்.

மன்றத்து மேசையில் வெள்ளைத்துணி காலியாகக் கிடந்தது. ஸ்ரீநாத் பட்டு ஜிப்பாவில் தயாராக உட்கார்ந்திருந்தார். கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, நாகலட்சுமி அந்தத் துணியின் நட்டநடுவில் மானிட்டரை வைத்தாள். அதன் நெற்றியில் சந்தனம் இட்டு, மேலே குங்குமமும் வைத்தாள். பின்வரிசையில் இருந்த இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மேசையில வைக்கணும்னு சொன்னீங்க. வச்சாச்சு."

திருவேங்கடத்தின் முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று பீரோவைத் திறந்து கைக்கு வந்த ஒரு புத்தகத்தை எடுத்துவந்து அவள் முன்னால் நீட்டினார். "விளையாட்டெல்லாம் வேண்டாம். நீங்க வாசகர்னா முதல்ல இதுல ஒரு பக்கம் வாசியுங்கோ. அப்புறம் உங்க பொட்டியைப் பார்க்கலாம்."

நாகலட்சுமி புத்தகத்தை வாங்கினாள். விரித்துப் பார்க்கக்கூட இல்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"என்னால முடியாது. என் கண்ணு போச்சு. இந்த எழுத்து எனக்குத் தெரியாது. அதனாலதான் ஒரு வருஷமா இங்கிருந்து புத்தகம் எடுக்கல." அரங்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ 'அடடா' என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். "அடடால்லாம் வேண்டாம். கண்ணுதான் போச்சு, படிக்கிறத நான் விடல. பீரோவும் சாவியும் இல்லாமலே இந்த வருஷம் படிச்சதுல எனக்குப் பிடிச்சது மூணு. மூணும் ஓசிதான். முதல்ல ரங்கூனுக்குக் கப்பலேறிப் போன ஒருத்தர் எழுதின கத."

மாரியப்பன் பிளக்கைச் செருகினார். திரையில் ஐந்தே ஐந்து வார்த்தைகள் வந்தன, ஒவ்வொன்றும் கடைப் பெயர்ப்பலகை மாதிரி. அவள் வாசித்தாள். கப்பல் தளத்தில் ஆட்டோடும் கோழியோடும் தூங்கியதை, கரை தெரிந்ததும் ஒருவன் கையில் இருந்த சோற்றுருண்டையைக் கடலுக்குக் கொடுத்ததை எல்லாம் வாசித்தாள். திரை மாற மாற முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்துவிட்டு கோமதி மாமி கூடவே வாசித்தாள். இன்னொருவர் அடுத்த வரியை நாகலட்சுமிக்கு முன்பே சொல்லிவிட்டார்.

திருவேங்கடத்தின் மனைவி வத்சலா எழுந்து மேடைக்கே வந்துவிட்டாள். திரைக்கு எதிரில் நின்று, விரலை வைத்து, ஒரு வரியை முழுசாக வாசித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா புஸ்தகத்தைக் கையில வெச்சுண்டு படிக்கற மாதிரி உக்காந்திண்டிருக்கேன். பக்கத்துலதானே இருந்தேள். தெரிஞ்சுதா உங்களுக்கு?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாறது. அடுத்தது குழந்தைகள் டான்ஸ். மேசையைக் காலி பண்ணணும்" என்றார்.

"இன்னும் ரெண்டு புத்தகம் பாக்கியிருக்கு" என்றாள் நாகலட்சுமி.

வத்சலா ஸ்ரீநாத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துவந்து திரைக்கு முன்னால் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"டான்ஸ் காத்திண்டிருக்கட்டும். நீ அடுத்த பக்கத்தைத் தள்ளு, நாகு."