ஓரத்தில் கிடந்த ரப்பர்

அந்தப் பருவம் முழுவதும் ஃபெர்மின் உர்கீசு ஒரு கார் பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. ஆனாலும் புள்ளிப் பட்டியலில் அவன்தான் மேலே இருந்தான். பிப்ரவரி வெயிலில் இரண்டாவது, மழை பெய்த ரஃபேலாவில் மூன்றாவது, மூடுபனி விலகாத ஒலாவர்ரியாவில் மறுபடி இரண்டாவது. மற்றவர்கள் ஒரு ஞாயிறு ஜெயித்தார்கள், மறு பந்தயத்தில் சுவரில் மோதினார்கள், எஞ்சினை உடைத்துக்கொண்டார்கள். இவன் வண்டியைச் சேதமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தான்.

அது போதாது. ஒரு பந்தயமாவது ஜெயிக்காதவனுக்குப் பட்டம் கிடையாது என்பது இங்கே பழைய விதி. டிசம்பரில் கடைசிப் பந்தயத்துக்கு வந்தபோது எல்லாம் ஒன்றில் வந்து நின்றது. ஜெயித்தால் பட்டம் அவனுக்கு, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருந்த பெரால்தாவுக்கு. ஃபெர்மினுக்கு நாற்பத்தேழு வயது. அடுத்த ஆண்டு இந்த வண்டியை வேறொருவன் ஓட்டப்போகிறான் என்பதும் முடிவாகிவிட்டது.

அவன் ஓட்டியது ஃபோர்டு. எதிரணியான செவ்ரோலெட்டுக்குக் கொடி பிடிக்கும் ரசிகர்கள் அவனை விட்டுவைக்கவில்லை. சனிக்கிழமை கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒருவன் அவனைப் பார்த்ததும் இரண்டு விரலைக் காட்டினான்.

"வாய்யா ரெண்டாந்தாரம். நாளைக்காவது மூத்தவ ஆவியா?"

ஃபெர்மின் சிரித்தான். அந்த ஆளிடமே சுட்ட சொரிசோத் தொத்திறைச்சி ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு வந்தான்.

அவன் அக்கா டெலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியின் எடை அவள் பொறுப்பு. பந்தயம் முடிந்ததும் ஓட்டியவரை உட்காரவைத்தபடியே வண்டியை எடை மேடையில் ஏற்றுவார்கள். விதித்த எடைக்குக் கீழே இருந்தால் ஓடியதெல்லாம் வீண். அதனால் வண்டியின் அடித்தளத்தில் ஈயத் தகடுகளை வைத்து முடுக்குவாள். எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே வைப்பாள்.

சாயங்காலம் ஃபெர்மின் மாத்தே தேநீர்க் குடுவையோடு வந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"ஒரு தகட்ட எடுத்துடு, ஒல்லி."

அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவள் முடியாது என்றாள். எடை குறைந்தால் வேகம் கூடும், பெரால்தா எடுத்திருப்பான், எல்லோரும் எடுத்திருப்பார்கள் என்றான் அவன். கடைசியில் ரப்பர் ஈடுகட்டிவிடும் என்றான்.

அது உண்மைதான். பந்தயம் முடிந்தபின் மெதுவாக ஒரு சுற்று வர வேண்டும். டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் தடத்தின் ஓரத்தில் கொட்டிக்கிடக்கும். சூடான டயரை அதன்மேல் உருட்டினால் அள்ளி ஒட்டிக்கொள்ளும். தேய்ந்துபோன எடையில் கொஞ்சம் திரும்பி வரும். எல்லா ஓட்டுநர்களும் செய்வதுதான். ஃபெர்மின் ஒருமுறைகூட மறந்ததில்லை. இரண்டாவதாக வருகிறவனுக்கு அந்தச் சுற்றில் வேறு வேலை கிடையாது.

"ஓரமா வருவியா?"

"எப்ப வராம இருந்தேன்?"

அவள் ஒரு தகட்டைக் கழற்றித் தன் உடுப்பின் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தின் பெரும்பகுதி அவன் இரண்டாவதாகத்தான் ஓடினான். முன்னால் பெரால்தா. டெலியா கொட்டகையில் இருந்த திரையைப் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தைய சுற்றில் பெரால்தாவின் வண்டி வளைவில் வெளிப்பக்கமாக விலகிப் போனது. அந்த இடைவெளியில் ஃபெர்மின் உள்ளே நுழைந்தான். இத்தனை மாதம் பொறுமையாக ஓட்டியவன் அப்படி நுழைவான் என்று பெரால்தா நினைத்திருக்க மாட்டான். மெக்கானிக் போச்சோ அவளைத் தூக்கிச் சுற்றினார். பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டமிட்ட கொடி விழுந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

டெலியா ஃபெர்மினின் காதுக்குப் பேசும் ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"டேய், ஓரமா வா. ரப்பர் மேல வா."

அவள் திரையைப் பார்த்தாள்.

திரையில் வண்டி தடத்தின் நடுவில் வந்தது. சுத்தமான, வழுவழுப்பான நடுத்தடம். ஃபோர்டு கூட்டம் நின்ற வளைவில் அவன் வண்டியை நிறுத்தினான். யாரோ வேலியேறி வந்து நீலக்கொடியைக் கொடுத்தார்கள். அதை ஜன்னல் வழியே பிடித்துக்கொண்டு மறுபடி நடுவிலேயே வந்தான். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். போச்சோவும் வாங்கிச் சொன்னார். அவர் முகத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை.

எடை மேடையில் அதிகாரி எண்ணைப் பார்த்தார். வண்டியைக் கீழே இறக்கி, மேடையைச் சரிபார்த்து, மறுபடி ஏற்றச் சொன்னார். இரண்டாவது முறையும் அதே எண். முந்நூறு கிராம் குறைவு. அவர் கெட்ட மனிதர் இல்லை. மூன்றாவது முறையும் ஏற்றச் சொன்னார்.

டெலியாவின் கை பையில் இருந்த தகட்டைப் பற்றியிருந்தது. அந்தத் தகடு முந்நூறு கிராமைவிடக் கனம்.

சாயங்காலத்துக்குள் பெரால்தாவுக்குப் பட்டம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரல் காட்டிய ஆள் ஃபெர்மினைப் பார்த்தான். இந்த முறை கையைத் தூக்கவில்லை. தொப்பியைக் கழற்றினான். அதைவிட அவன் கிண்டலே செய்திருக்கலாம் என்று டெலியாவுக்குத் தோன்றியது.

ஃபெர்மின் கொட்டகையில் டயரின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"நான் சொன்னது கேக்கலையா?" என்றாள்.

"காதுல இருந்தத கழட்டிட்டேன்."

"ஏன்டா?"



"ஜெயிச்சவனுக்குக் கத்துவாங்கல்ல. அது எப்படி இருக்கும்னு கேக்கணும்னு இருந்துது, ஒல்லி."

எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை. தகட்டை எடுத்தவள் அவள்தான் என்பதையும் இருவரும் பேசவில்லை.

அவள் வண்டிக்குள் குனிந்து, பையிலிருந்த தகட்டை அதன் பழைய இடத்தில் வைத்து முடுக்கத் தொடங்கினாள்.

"இப்ப எதுக்கு அது?"

"வண்டிய ஒப்படைக்கணும்ல. அடுத்து வர்றவனுக்கு எடை சரியா இருக்கணும்."

ஃபெர்மின் எழுந்து வந்து, அவளுக்கு வெளிச்சம் தெரியும்படி விளக்கைப் பிடித்துக்கொண்டான்.