பத்து நிமிடம் கூட்டி எழுதியவள்

அந்த ஒரே ஆண்டில் மலைக்கு இந்தப் பக்கத்து ஊருக்கும் அந்தப் பக்கத்து ஊருக்கும் இடையே இருந்த தூரம் நானூற்று எண்பது கிலோமீட்டர் வளர்ந்தது. அளக்க வந்தவர்கள் நாடாவைக் குறை சொன்னார்கள், பிறகு மலையைக் குறை சொன்னார்கள், பயணப்படியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பது நிமிடத்தில் பறந்து வந்த குட்டி விமானம் இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. பயணிகள் சாப்பாடு கட்டிக்கொண்டு ஏறப் பழகினார்கள். காரணம், விமான நிலையத்தில் பயண நேரத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதிப்போடும் பலகையக்கா. அந்த ஆண்டில் அவளுக்கு ஒரு வழக்கம் வந்தது. மாதத்தின் முதல் தேதியில் பலகையைத் துடைத்து, போன மாதம் ஆன நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டி எழுதுவாள். காத்திருப்பவர்கள் பதறக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். வானம் அதை அப்படியே நம்பிவிட்டது.

அவள் கணவர்தான் விமானி. பதின்மூன்றாம் மாதத்தின் முதல் தேதி, காலையில் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார்: "நீ எழுதுறதுதாம்மா நடக்குது. டேங்க்ல ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குத்தான் எண்ணெய் பிடிக்கும். இனிமே கூட்டாதே."

"கூட்டல, போயிட்டு வாங்க" என்றாள். ஆனால் ஒரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? அந்த ஊரிலிருந்து விமானம் திரும்பக் கிளம்பிவிட்டதாக போன் வந்ததும், அவள் கை தானாகவே இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்று எழுதிவிட்டது. எழுதியதைப் பார்த்ததும் டேங்க் கணக்கு நினைவுக்கு வந்தது. முந்தானையால் துடைத்து, பழையபடி வெறும் நாற்பது நிமிடம் என்று எழுதினாள். நாற்பது நிமிடம் போனது, விமானம் வரவில்லை. முப்பது என்று எழுதினாள், இருபது என்று எழுதினாள். கிளம்பியபோது எழுதியதுதான் வானத்துக்குக் கணக்கு. பாவி, என் கையாலேயே அவருக்குக் குழி வெட்டிவிட்டேனே என்று சுண்ணக்கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எதுவும் தெரியாமல் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

விமானம் கிளம்பி இரண்டே முக்கால் மணி நேரம் ஆனபோது ரேடியோவில் அவர் குரல் வந்தது. "எஞ்சின் நின்னுடுச்சும்மா. கீழ மலைதான் தெரியுது."

சக்கரம் தரையைத் தொடாமல் 'வந்து சேர்ந்தது' என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. பதினோரு வருட வேலையில் அது அவளுடைய சத்தியம். இப்போது நேரத்தை மொத்தமாக அழித்துவிட்டு, பலகை முழுக்க 'வந்து சேர்ந்தது' என்று எழுதினாள். திரும்பிப் பார்த்தபோது விமானம் வாசலில் நின்றிருந்தது. பயணிகள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து தூரமெல்லாம் சுருங்கி, அந்த ஊர் ஓடுபாதை வேலிக்கு அப்பால்தான் இருக்கிறது. விமானத்தை விற்றுவிட்டார்கள். அந்த ஊர்த் தபால்காரர் இங்கே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். கணவருக்கு ரொட்டி வாங்க அங்கேதான் பிடிக்கும். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று செருப்பை மாட்டுகிறார். பதினைந்து என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிவிட்டு, "அஞ்சுதான்" என்கிறாள், அவர் வேலியைத் தாண்டுவதைப் பார்த்தபடி.