உப்புப் பாசி

குழாயடிச் சுவரை மகள் தேக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஈரம் காயாத மூலையில் பாசி தாராளமாகவே படர்ந்திருந்தது. சுரண்டியதைக் கண்ணாடிக் குடுவைக்குள் தட்டி, குழாய்த் தண்ணீர் பிடித்துக் குலுக்கினாள். சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்து கலங்கியது. கொட்டிவிட்டு மறுபடியும் சுரண்டினாள்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அம்மாடி, எங்க அது? இன்னுமா எடுக்கறே?"

"இதோ வரேம்பா."

காலையில்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கட்டிலில் படுக்க வைத்ததும் அப்பா தண்ணீர் கேட்கவில்லை, குடுவையைக் கேட்டார். மகள் எடுக்கப் போனாள். ஜன்னலில் இருக்க வேண்டிய குடுவை சமையலறைக் கம்பிக் கூடையில், டம்ளர்களுக்கு நடுவே, பளபளவென்று கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? நோயாளி இருக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா ஒற்றை ஆளாக வீட்டையே புரட்டிப் போட்டுத் தேய்த்துவிட்டாள். "அது ரூமாடி? பாட்டிலும் புட்டியும் பச்சை புடிச்சு நாறிக் கிடந்துச்சு. ஒரு கூடை இருக்கும், எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்" என்று சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை நிறைவு.

அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பா பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ச்சி செய்கிறார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வீட்டில் சொன்னதில்லை. அம்மா வாய்விட்டுக் கேட்ட நாட்களிலும், "சொன்னா உனக்குப் புரியவா போகுது" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வார். அறைக்குள் துடைப்பத்தோடு நுழைந்தால் குதிகுதியென்று குதிப்பார். மகளிடம் மட்டும் எப்போதாவது பேசுவார். இளம் வயதில் ஓர் உப்பளத்து ஓரம் கண்டெடுத்த பாசி அது. உப்புத் தண்ணீரில்தான் பிழைக்கும். உப்பளம் போய் அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன. அப்பாவின் குடுவைகளைத் தவிர அது வேறெங்கும் இருப்பதாக யாருக்கும் தெரியாது.

அதை வைத்துப் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் பிழைப்பு நடத்தினார்கள். கப்பலுக்குப் பூசும் வர்ணத்தில் அதைக் கலந்து பார்த்தார்கள் பொறியியல் துறைக்காரர்கள். ஆறாத புண்ணுக்கு மருந்து தேடினார்கள் மருத்துவத் துறையில். வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர் மூடிப்போன உப்பளத்தின் கதையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீண்ட விடுமுறையில் ஆய்வுக்கூடத்துக் குளிர்சாதனம் நின்றுபோய், அங்கிருந்த குடுவைகள் அத்தனையும் வெந்து செத்தன. முன்யோசனையாக அவர் வீட்டு ஜன்னலில் வைத்திருந்த ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் அம்மா கழுவிவிட்டாள்.

மூன்றாம் தடவை தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. பச்சையாகவும் இருந்தது. பஞ்சை உருட்டிக் குடுவையின் வாயை அடைத்து, முந்தானையால் துடைத்து எடுத்துப்போனாள்.

அப்பா குடுவையை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். கண் மங்கிவிட்டது, தப்பித்தோம் என்று மகள் நினைத்த நேரத்தில், அவர் பஞ்சை உருவி, விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு போட மறந்துட்டே," என்றார்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எங்கேர்ந்து எடுத்தே?"

"குழாயடியில."

"அம்மாவா?"

தலையை மட்டும் ஆட்டினாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பஞ்சை எடுத்து, வழக்கம்போலத் திருகித் திருகி, ஒழுங்காக அடைத்தார். அடைத்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்திருந்தார்.

"எல்லாம் போச்சு," என்றார். கொஞ்சம் கழித்து, "அவகிட்ட சொல்லாதே."

அம்மா வெந்நீரோடு உள்ளே வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "வலிக்குதா? ஏங்க, இந்தப் பக்கம் திரும்புங்களேன்," என்று அம்மா தோளைத் தொட்டாள். அவர் திரும்பவில்லை. சாயங்காலம் விளக்குப் போடும் முன்பே மூச்சு நின்றுவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். அதை மகளால் மன்னிக்கவும் முடியவில்லை, குற்றம் சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் பல்கலைக்கழகமே வாசலில் வந்து நின்றது. பாலம் ஏன் விரிசல் விடுகிறது என்று தெரிந்தவர், குழந்தைக்கு ஏன் வாய் திக்குகிறது என்று தெரிந்தவர், தேனீ எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தவர், எல்லோரும் இருந்தார்கள். அழுகிற வீட்டில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. துறைத் தலைவர் அம்மாவிடம் குனிந்து, "ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. இந்த வருஷம் ஆராய்ச்சிக் கண்காட்சியில எல்லாத் துறைக்கும் நடுவுல சாரோட பாசியைத்தான் வைக்கப்போறோம்," என்றார். அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின், அப்பாவிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். அழுது அவள் கண் வீங்கியிருந்தது. அம்மாவே எழுந்து போய், குடுவையை ஈரத்துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தருவதுபோல் தந்தாள்.

"கடைசியா இதைத்தான் கேட்டார்மா. நல்லவேளை, நான் கழுவினதுல இது சேரலை. அந்தப் புட்டிகளோட இதையும் கழுவித் தொலைச்சிருந்தேன்னா, பாவம், அவர் என்னாகியிருப்பார்?"

மகள் மாணவியின் பின்னாலேயே கார் வரைக்கும் போனாள்.

"இதாவது இருக்கேக்கா," என்றாள் மாணவி கதவைத் திறந்தபடி. "என்னோட நாலு வருஷமும் இதுக்குள்ளதான் இருக்கு."

நாளைக்கே நுண்ணோக்கியில் வைத்தால் வெட்டவெளிச்சமாகிவிடும். அம்மா வாசல் கதவருகே நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உதடு அசையாத குரலில், "அது இல்லைம்மா இது. குழாயடிப் பாசி. அம்மா கழுவிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாது," என்றாள்.

மாணவி இருக்கையில் உட்கார்ந்து துண்டை விலக்கினாள். பச்சைத் தண்ணீரையே பார்த்தாள். கை தளர்ந்து குடுவை மடியில் சாய்ந்தது.

"வேகமா ஓட்டாதம்மா!" வாசலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ஆடினா கலங்கிடப் போகுது!"

மாணவி மகளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். துண்டை மறுபடி சுற்றி, குடுவையைப் பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்தாள். இருக்கை வாரை இழுத்து அதன் குறுக்கே போட்டு மாட்டினாள்.

"சரிங்கம்மா," என்றாள்.

தெருவில் ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும் கார் நடக்கிற வேகத்தில்தான் போனது. மேடு வந்த இடத்தில் நின்று, மெல்ல ஏறி இறங்கியது. அது முனை திரும்பும் வரை அம்மா கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள்.