கடைசிக் கவளம்

மகள் ஊர்சினாவோடு ஆல்ப்ஸ் ஏறுவதே கியோனுக்குப் பெரும்பாடாக இருந்தது. அவள் அங்கிருந்த வனவிலங்குக் காப்பகத்தின் காவலர். தடையை மீறிப் பூப்பறித்த பெண் ஒருத்தியைக் காலையிலேயே அழவிட்டிருந்தாள்.

"ஒத்தப் பூவுக்கா இந்தக் கூப்பாடு?" என்றார், ஒரு காலத்தில் வேட்டைக்காரராக இருந்த கியோன்.

"ஆளுக்கு ஒண்ணு பறிச்சா மலை மொட்டையாயிடும்ப்பா."

உச்சிக்குக் கீழே, பாறையிலிருந்து விழுந்த கிழட்டு மலையாடு ஒன்று இடுப்பொடிந்து துடித்துக்கொண்டிருந்தது. ஊர்சினா துப்பாக்கியை எடுத்தாள். ஒரே குண்டு. வளைவாசலில் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்த மர்மோட் என்னும் மலை அணில்கள்கூட அடங்கிப்போயின.

கியோன் தொப்பியைக் கழற்றினார். வேட்டைக்காரர் வழக்கப்படி, சுட்டவர் தன் கையால் மிருகத்தின் வாயில் ஒரு பசுங்கொப்பு வைத்துத்தான் அனுப்பவேண்டும். அது அதன் கடைசிக் கவளம். ஆனால் மரங்களெல்லாம் வெகு கீழேயே நின்றுவிட்டன. இங்கே காலடியில் மலைரோஜாப் புதர்கள் மட்டும் சிவக்கப் பூத்துக் கிடந்தன.

"நான் கீழ போயி ஊசியிலைக் கொப்பு ஒடிச்சிட்டு வரேம்மா."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா? பேசாம நில்லுங்க."

சட்டையில் குத்தியிருந்த காவலர் வில்லையைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். பிறகு மண்டியிட்டு, நிறையப் பூத்த கொப்பாகப் பார்த்து ஒடித்தாள்.