வயலில் விட்ட வழி

எங்கள் அப்பா வீரையன் போன தை மாதம் இறந்தார். ஊரே செருப்புக் காலோடு சுடுகாடு வரை கூடவே நடந்து வந்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது சாதாரணம். அந்தப் பாதைக்காக அவர் பட்ட பாட்டை மகள் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் பண்ணையின் வயல் கிடந்தது. ஊர்த்தெரு வழியாக எங்கள் பிணம் போகக் கூடாது. அறுபத்தேழில் ஆட்சி மாறியதற்கு முந்தைய வருஷம், கார்த்திகை மழையில் தாத்தா மருதையன் செத்துப்போனார். பாடையோடு வரப்பில் இறங்கியவர்களைப் பண்ணையின் காரியக்காரர் ரெங்கசாமி மறித்தார்.

"பயிரை மிதிக்காதீங்கடா. வாய்க்கால்ல எறங்கிப் போங்க."

வாய்க்காலில் மார்பளவு தண்ணீர் ஓடியது. பாதியில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, தாத்தா தண்ணீருக்குள் போய்விட்டார். அப்பா முங்கித் தேடி, தன் தகப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த கோடையில் அப்பா பண்ணைக்குப் போய் அந்த வயலைத்தான் குத்தகைக்குக் கேட்டார். தண்ணீர் வடியாத பள்ளம்.

"வேற நல்லதா கேளேன்டா" என்றார் ரெங்கசாமி.

"அதாங்க ஐயா வேணும்."

யாரும் கேட்காத நிலம் என்பதால் கொடுத்துவிட்டார்கள்.

புது ஆட்சியில், குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. அப்பா துணிந்து பதிந்தார். பண்ணைக்குப் பொறுக்கவில்லை. அப்பா உழுது வைத்திருந்த வயலில் வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கினார்கள். அப்பா போய்க் குறுக்கே நின்றார். போலீஸ் வந்து அவரை வண்டியில் ஏற்றியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நாத்து முத்திடப் போவுது, காத்தாயி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடியும்போது எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அம்மாவோடு வயலில் இறங்கிவிட்டார்கள். வெளியூர் ஆட்கள் வரப்பில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா ஜெயிலிலிருந்து வந்தபோது பயிர் பச்சை பிடித்திருந்தது.

அவரை வெளியேற்றப் பண்ணை போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் பண்ணைக் குடும்பம் நிலங்களை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனது. அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுக்க, அப்பா அந்த வயலைக் கிரயம் வாங்கினார். வாங்கிய கையோடு ஓரத்தில் கயிறு பிடித்து, பாடை தூக்குகிறவர்கள் நெருக்காமல் நடக்கும் அகலத்துக்கு நிலத்தை ஒதுக்கினார்.

"என் தோட்டை வித்தது இதுக்கா?" என்று அம்மா கேட்டார்.

"இதுக்குந்தான்."

அம்மா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்பா கூலி வேலை முடிந்து வந்து தினமும் மண் வெட்டிக் கொட்டினார். ஐப்பசி மழை அதைக் கரைத்துக்கொண்டு போனது. மறுகோடையில் மறுபடி கொட்டினார். அந்தத் தடவை அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார். அதற்கடுத்த கோடையில் தெருவே மண் சுமந்தது.

பல வருஷம் கழித்துப் பஞ்சாயத்தில் ஜல்லி போடச் சம்மதித்தார்கள். ஆனால் இடத்தைப் பொதுவுக்கு எழுதித் தர வேண்டும் என்றார்கள். பத்திர ஆபீசுக்கு நானும் தம்பி இளையபெருமாளும் கூடப் போனோம். அங்கே பத்திரம் எழுதியவர் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"பெரியவரே, இதுல கையெழுத்துப் போட்டுட்டா நாளைக்கு உங்க புள்ளைங்ககூடத் திருப்பிக் கேக்க முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க."

"அதுக்குத்தான் தம்பி எழுதறேன்" என்றார் அப்பா, எங்கள் பக்கம் திரும்பாமலே.

கையெழுத்துப் போட்டார். பஸ் பிடித்து ஊர் வந்து இறங்கியதும் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரை வடியவிட மண்வெட்டியோடு வயலுக்குப் போனார்.